பதினான்காம் வரிசை

வாசாவிலிருந்து வரும் கூரியர் வண்டி
நாலு மணி நேரம் தாமதம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
குன்வோர் கையுறைகூடப் போடாமல் ஓடினாள்.
பெட்டியை வண்டியருகிலேயே கிழித்து
புட்டியைக் கம்பளிக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டு
திரும்பி வந்தாள்
நிறைசூலி வழுக்குத் தரையில் நடப்பதுபோல்
ஒவ்வோரடியாக.

'இரண்டாயிரம் உயிர்' என்று ஒட்டியிருந்தது.
எண்ணியவர் யாரோ.

என் பெயர் துயெத். எங்கள் மொழியில் பனி.
பெயர் வைத்த அப்பா பனியைப் பார்த்ததில்லை.
நானும் இந்த பின்லாந்துக் கரைக்கு வந்துதான்,
நார்பெஸில், மூன்று மணிக்கே இருட்டிய ஒரு டிசம்பரில்,
முதல் முறை
என் பெயரை மிதித்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எப்போதும் கோடை.
நடுராத்திரியிலும் மஞ்சள் வெயில் எரிகிறது;
வெள்ளரிக்கொடிகள் கயிற்றைப் பற்றி
தூங்க மறந்து ஏறுகின்றன.
பதினான்காம் வரிசையில் மட்டும்
இலைமேல் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள்.
திருப்பினால் மெல்லிய வலை.
வலைக்குள், முதுகில் இரண்டு கறுப்புத் திட்டோடு,
சிலந்திப்பேன்கள்
பச்சையை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

முன்பு மருந்தடித்தவன் செனாத்.
முகமூடியைக் கழற்றினாலும்
வாடை இரண்டு நாள் மூக்கைக் கழற்றாது என்பான்.
இருமல் அவனுக்கு நின்றது.
பேன் மருந்துக்குப் பழகிவிட்டது.

புட்டியைக் குலுக்கக் கூடாது. படுக்கவைத்து
மெல்ல உருட்ட வேண்டும்,
மரத்தூளில் மயங்கிக் கிடப்பவை
கலைந்து பரவ.
பிறகு இலைக்கு ஒரு சிட்டிகை,
உப்புப் போடுகிற விரலால்.

லென்ஸில் பார்த்தேன்.
செம்மஞ்சள், சின்னப் பேரிக்காய் உருவம், ஓயாத கால்கள்.
இந்த வேட்டைப்பேனுக்குக் கண் கிடையாது.
கடிபட்ட இலை ஒரு வாசம் விடுமாம்;
அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுமாம்.
கூப்பிட வாயில்லாத ஒன்றும்
கேட்கக் காதில்லாத ஒன்றும்
எப்படியோ பேசிக்கொள்கின்றன.
எனக்கு ஸ்வீடிஷில்
'முதுகு வலிக்கிறது' என்று சொல்ல
இரண்டு வருஷம் பிடித்தது.

மூன்றாம் வாரம்.
புது இலைகளில் புள்ளி இல்லை.
பழைய வலைகளில் வெறும் தோல்கள்,
உரித்துப்போட்ட சட்டைகள்போல்.
குன்வோர் என் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
அவள் எனக்கு ஏலக்காய் ரொட்டி ஒன்று கொடுத்தாள்.
அத்தனை பூஜ்யத்தையும் எழுதிய எனக்கு
அது தொண்டையில் இறங்கவில்லை.

இது வேறெதையும் தின்னாது.
மகரந்தம் வேண்டாம், தேன் வேண்டாம்,
எதிரி மட்டும் வேண்டும்.
எதிரி தீர்ந்த நாள்
சோறும் தீர்ந்த நாள்.
ஏப்ரலில் என் அனுமதிச் சீட்டும் முடிகிறது.
அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்:
இன்னும் வேலை இருக்கிறதா?

நேற்று பதினான்காம் வரிசையில்
ஓரிலையின் விளிம்பில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
சுற்றி வந்து, சுற்றி வந்து,
புறப்பட்ட நரம்பிலேயே வந்து நின்று
மறுபடியும் ஓடியது.

முப்பத்தோராம் வரிசைக் கடைசியில்
வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால்
கட்டைவிரல் நகமளவு ஒரு வலை இருக்கிறது.
பதினொரு நாளாக நான் அதை
நோட்டில் எழுதவில்லை.

இலையைக் காம்போடு கிள்ளி
உள்ளங்கையில் மூடி எடுத்துப்போனேன்.
வழியில் செனாத் என்ன என்று கேட்டான்.
ஒன்றுமில்லை என்றேன்,
சரியான ஸ்வீடிஷில்.

இலையோடு இலையைச் சேர்த்து வைத்தேன்.
கொஞ்ச நேரம் அசையவில்லை.
பிறகு முன்கால் ஒன்றைத் தூக்கியது.

அன்றைய பக்கத்தில்
தேதி மட்டும் எழுதினேன்.